பூனைக் கீறலும் புட்டியில் போன துண்டும்



சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் பேருந்தில், மடியில் ஒரு சிறு புட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் இரு கைகளாலும் அதனை அணைத்துப் பிடித்தபடி ஒருவர் பயணம் செய்வதை நீங்கள் கண்டிருக்கக்கூடும். நாட்டு மருந்து என்றோ, யாருக்கோ கொண்டுபோகும் எண்ணெய் என்றோ எண்ணியிருப்பீர்கள். அதற்குள் இருப்பது ஒரு மனித உடலிலிருந்து சற்றுமுன் அறுத்தெடுக்கப்பட்ட சிறு துண்டு. பரிசோதனைக்கூடம் ஓரிடத்திலும் அறுவை அறை வேறிடத்திலும் இருக்கும் நம் நாட்டில், அத்துண்டைச் சுமந்து செல்லும் பொறுப்பு பெரும்பாலும் உறவினர் தலையிலேயே விழுகிறது. புட்டியில் என்ன திரவம் இருக்கிறது, எத்தனை மணி நேரத்திற்குள் சேரவேண்டும், வெயிலில் வைக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அவருக்குச் சொல்லப்படுவதில்லை, அவரும் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு புட்டியைச் சுமந்து சென்ற தாய்மாமன் ஒருவரை நான் அறிவேன். கன்னடியன் கால்வாய்க்கு அருகே, பீடி சுற்றிப் பிழைக்கும் எளிய குடும்பம். பதினொரு வயதுச் சிறுமிக்கு வலது அக்குளில் நெறி கட்டியது. முதலில் சுண்டைக்காய் அளவு. பத்து நாளில் எலுமிச்சங்காய் அளவு. மாலையில் இலேசான காய்ச்சல், சோர்வு, சோற்றைக் கண்டால் வெறுப்பு. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டார்கள். குறையவில்லை. பின்னரே மருத்துவமனைக்குச் சென்றார்கள். "காசநோயாக இருக்கலாம்" என்ற ஒரு சொல் அங்கே உதிர்ந்தது. அன்று மாலையே தாய் கண்ணீரோடு வந்து நின்றார்.

"சாமி, பிள்ளைக்கு டிபின்னு சொல்லுதாக. தெருவுல தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?"

பதினொரு வயதுப் பெண்ணுக்கு மணமகனைப் பற்றிய கவலை! நகைப்பதற்குரியதன்று இது. அந்தத் தெருவில் அச்சொல்லுக்கு இருந்த பாரம் அத்தகையது. அதற்குள்ளாகவே பக்கத்து வீட்டில் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கும் தம்ளரைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். நிணநீர்க் கணுவில் மட்டும் தங்கும் காசநோய் மூச்சு வழியாகவோ தம்ளர் வழியாகவோ பிறருக்குத் தொற்றுவதில்லை. நுரையீரலில் நோயிருந்து இருமும்போதுதான் அது பரவுகிறது. இதை அந்தப் பக்கத்து வீட்டாரிடம் விளக்க எனக்கு முழுதாக ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது.

மருத்துவர் காசநோயை முதலில் நினைத்தது தவறா? இல்லை. நம் நாட்டில் நாட்பட்ட நெறிக்கட்டு என்றால் முதலில் ஐயுற வேண்டியது அதைத்தான். கழுத்தில் மாலைபோல வரிசையாகக் கட்டிகள் எழும்பி, பழுத்து, உடைந்து, ஆறாமல் ஒழுகும் நோயை நம் முன்னோர் கண்டமாலை என்று அழைத்தார்கள். அதன் பெரும்பகுதி காசநோயே. இந்தியாவில் நுரையீரலுக்கு வெளியே தோன்றும் காசநோய்களில் மிகுதியானது நிணநீர்க் கணுக்களைப் பற்றுவதுதான். 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம், நோயாளர் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்று 1959இல் உலகிற்குக் காட்டியதைப் பலர் அறிவர். அதே நிலையத்தார் நெறிக்கட்டுக் காசநோய் கண்ட சிறுவர் சிறுமியருக்கு ஆறு மாத மருந்து போதும் என்பதை ஆராய்ந்து 1990இல் வெளியிட்டார்கள் என்பதை அறிந்தோர் குறைவு. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்கு முதலில் பயாப்சி செய்து, கட்டியின் துண்டைச் சோதித்து, நோய் இதுவே என்று உறுதி செய்துகொண்ட பின்னரே மருந்து தொடங்கினார்கள். துண்டு முன்னே, மருந்து பின்னே.

நம் சிறுமியின் கதையிலும் துண்டு எடுக்கப்பட்டது. எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். நேர்ந்தது எங்கும் நேரக்கூடியது. அக்குளிலிருந்து எடுத்த துண்டு முழுவதையும் ஃபார்மலின் ஊற்றிய ஒரே புட்டியில் போட்டு, மூடி, தாய்மாமன் கையில் கொடுத்தார்கள். அவர் அதைப் பொன்போலக் காத்துத் திருநெல்வேலியில் சேர்த்தார். ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. திசுவின் நடுவே அழுகிய பகுதிகள் உள்ளன. சுற்றிலும் அழற்சி அணுக்கள் திரண்டு முடிச்சுகளாக நிற்கின்றன. காசநோய்க் கிருமி கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆயினும் காசநோய் இல்லையென்று சொல்வதற்கில்லை. வளர்ப்புச் சோதனை செய்து பார்க்கவும் என்று அதில் எழுதியிருந்தது.

வளர்ப்புச் சோதனைக்குத் துண்டு எங்கே? எல்லாம் ஃபார்மலினுக்குள் போய்விட்டதே!

இந்த இடத்தில் சற்று நின்று விளக்க விரும்புகிறேன். ஃபார்மலின் என்பது திசுவைக் கெடாமல் நிலைநிறுத்தும் திரவம். நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு அது இன்றியமையாதது. ஆனால் அது அணுக்களை நிலைநிறுத்தும்போதே உள்ளிருக்கும் கிருமிகளையும் கொன்றுவிடுகிறது. ஊறுகாய்ப் பானையில் போட்ட மாங்கொட்டை முளைக்குமா? அதுபோலத்தான். கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் துண்டின் ஒரு பகுதியை, கிருமி நீக்கிய வேறொரு புட்டியில், சில துளி உப்புநீரோடு, ஃபார்மலின் சிறிதும் படாமல், குளிர்ச்சியாக, காலந்தாழ்த்தாமல் அனுப்ப வேண்டும். கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனைக்கும் புதிய துண்டே சிறந்தது. 2020இல் கொரோனா வந்தபோது மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பிசிஆர்தான் இது. தேடும் கிருமி மட்டும் வேறு. ஃபார்மலினில் ஊறிய திசுவிலும் அதைச் செய்து பார்ப்பதுண்டு. ஆனால் மரபுப்பொருள் சிதைந்திருக்குமாகையால் விடையை அத்துணை நம்புவதற்கில்லை. ஆகவே ஒரே கட்டி, இரண்டு புட்டி. இவ்வளவு சிறிய செய்தி தவறியதால் அந்தப் பிள்ளையை மறுபடியும் கத்திக்கு உட்படுத்துவதா, அல்லது ஐயத்தின்பேரிலேயே ஆறு மாதக் காசநோய் மருந்தைத் தொடங்குவதா என்ற இக்கட்டு எழுந்தது. அம்மருந்துகள் உயிர்காப்பவை, அதே வேளையில் சிலருக்குக் கல்லீரலைத் தாக்குபவை. நோயில்லாத பிள்ளைக்கு அவற்றைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? நோயிருக்கும் பிள்ளைக்குக் கொடுக்காமல் விடவும் யாருக்குத் துணிவு வரும்?

இந்நிலையில்தான் இளம் மருத்துவர் ஒருவர், அதுவரை எவரும் கேளாத ஒரு கேள்வியைக் கேட்டார்: "வீட்டில் பூனை உண்டா?"

இருந்தது. சாம்பல் நிறக் குட்டி. அவளே எங்கிருந்தோ தூக்கி வந்தது. அவளுடைய வலது கையைத் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டிற்கு மேலே காய்ந்துபோன சிறு பரு ஒன்று. அதன் அருகே மங்கிய இரண்டு மூன்று கோடுகள். கீறிய இடத்தில் சில நாட்களில் பரு தோன்றி, ஓரிரு வாரம் கழித்து அந்தக் கைக்குரிய அக்குளிலோ, முழங்கையிலோ, கழுத்திலோ நெறி கட்டும் நோய் ஒன்று உண்டு. பூனைக்கீறல் நோய் என்று பெயர்.

இந்நோயின் வரலாறே பரிசோதனைக்கூடங்களின் வரலாறுதான். 1931இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் ரொபேர் தெப்ரே, முழங்கையருகே கட்டி பழுத்து வந்த ஒரு சிறுவனின் கைகளில் பூனை கீறிய தடங்கள் நிறைந்திருக்கக் கண்டார். கட்டிக்கும் கீறலுக்கும் தொடர்பிருக்குமோ என ஐயுற்றார். 1950இல்தான் நோயை விரிவாக எழுதி வெளியிட்டார். இடையே, 1945இல் அமெரிக்காவில் ஹேங்கர், ரோஸ் என்ற இருவர், பழுத்த கட்டியின் சீழை எடுத்து, நீர்த்து, சூடாக்கி, அதைத் தோலில் ஊசியாகப் போட்டு, தடித்துச் சிவந்தால் இந்நோய் உண்டு என்று அறியும் முறையை உண்டாக்கினார்கள். பல்லாண்டுகள் அதுவே வழக்கிலிருந்தது. ஒருவருடைய சீழை இன்னொருவர் தோலுக்குள் செலுத்துவது! வேறு தொற்று பரவும் என்ற அச்சத்தால் இன்று அது முற்றிலும் கைவிடப்பட்டுவிட்டது, நல்லதே.

கிருமியோ நெடுங்காலம் அகப்படவில்லை. 1983இல்தான் அமெரிக்க இராணுவ நோய்க்குறியியல் நிலையத்தார், கட்டிகளின் துண்டுகளுக்கு வெள்ளி உப்பினால் சாயமேற்றி, கறுத்த சிறு குச்சிகள்போல் கிருமிகள் நிற்பதைக் கண்டார்கள். பிறகு ஒரு கிருமியை வளர்த்தெடுத்து, இதுவே காரணம் என்று தங்கள் நிலையத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அது தவறாயிற்று. 1992இல் உண்மைக் குற்றவாளி வேறொன்று என்பது இரத்தச் சோதனைகளால் தெரிய வந்தது. இன்று அதன் பெயர் பார்ட்டொனெல்லா ஹென்செலே. பெயரின் முற்பாதி, பெரு நாட்டு மருத்துவர் அல்பெர்த்தோ பார்ட்டனுக்குரியது. அவர் ஆராய்ந்த இனக் கிருமியின் நோயை அறிவதற்காகவே அதே நாட்டு மருத்துவ மாணவர் தானியேல் கார்ரியோன் 1885இல் நோயாளியின் குருதியைத் தம் கையில் ஏற்றிக்கொண்டு உயிர் துறந்தார். பிற்பாதி டயான் ஹென்சல் என்ற அமெரிக்கப் பெண்மணிக்குரியது. அவர் பெரும் பேராசிரியர் அல்லர். ஒக்லகோமா நகர மருத்துவமனையில் பரிசோதனைக்கூடப் பணியாளர். தட்டுகளில் முளைத்த, எவருக்கும் அடையாளம் தெரியாத கிருமியைக் குப்பையில் எறியாமல் போற்றி வைத்தவர்களில் ஒருவர். இரத்தம் எடுக்க வரும் பெண்ணின் பெயரைக்கூட நாம் கேட்பதில்லை. ஒரு கிருமிக்கே அத்தகைய ஒருவர் பெயர் நின்றிருக்கிறது.

நம் நாட்டில் இந்நோய் இல்லையென்று பலர் எண்ணியிருந்தனர். தேடாததால் காணவில்லை என்பதே சரி. புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார், பல்வேறு நோய்க்குறிகளோடு வந்தவர்களிடம் இக்கிருமியைத் தேடிக் கண்டதை 2018இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். அது கட்டியோடு நிற்பதுமில்லை; அரிதாகக் கண்ணின் உட்படலத்தையும் இதயத்தின் வால்வுகளையும் தாக்குகிறது. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களிடத்தில் கொடிதாகவே மாறுகிறது.

நம் சிறுமிக்கு எடுத்த சோதனை இரத்தத்தில்தான். சாதாரணப் புட்டியில் இரத்தம் எடுத்து, உறையவிட்டு, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்துப் பெருநகரப் பரிசோதனைக்கூடத்திற்கு அனுப்பினார்கள். சிற்றூர்களில் இச்சோதனை கிடைப்பதில்லை. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் அதில் எவ்வளவு என்று அளப்பார்கள். அறிக்கையில் 1:64, 1:256 என்று எண்கள் வரும். மோரில் தண்ணீர் விட்டுப் பெருக்குகிறோம் அல்லவா? எவ்வளவு தண்ணீர் விட்ட பிறகும் புளிப்புத் தெரிகிறதோ அவ்வளவுக்கு அந்த மோர் புளித்தது. அதுபோல, சீரத்தை 64 மடங்கு நீர்த்த பின்னும் ஒளிரும் சாயம் பற்றினால் 1:64. 256 மடங்கு நீர்த்த பின்னும் பற்றினால் 1:256. பின்னதும் அதற்கு மேலானதும் அண்மையில் நேர்ந்த தொற்றைக் காட்டும். முன்னது ஐயத்திற்குரியது, ஏனெனில் பூனையோடு வாழும் நலமுள்ளவர்களின் இரத்தத்திலும் பழைய தொற்றின் சுவடாக அது இருக்கக்கூடும். நோயின் தொடக்கத்தில் எடுத்தால் ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஆதலால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்து, அளவு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிடுவது நலம். முதல் அறிக்கையைக் கண்டவுடன், "அதான் பார்த்தாச்சே, மறுபடியும் எதுக்கு ஊசி?" என்று இரண்டாம் முறை செல்லாதவர்களே மிகுதி.

கிருமியை இரத்தத்திலிருந்து வளர்த்தெடுக்கலாமே என்பீர்கள். சாதாரணக் கிருமிகள் ஓரிரு நாளில் முளைக்கும்; இதுவோ கரிவளி கலந்த காற்றில், ஈரத்தோடு, மூன்று வாரத்திற்கு மேலும் காத்திருந்தால்தான் முளைக்கும்; பல வேளை முளைப்பதேயில்லை. கூடத்தாரிடம் முன்கூட்டியே, "இன்ன நோய் என்று ஐயுறுகிறோம்" என்று சொல்லாவிட்டால் ஒரு வாரத்தில் தட்டை எறிந்துவிடுவார்கள். கட்டி பழுத்து மெத்தென்று ஆகியிருந்தால் ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்துப் பிசிஆருக்கு அனுப்புவது நல்லது, வலியும் குறையும். கத்தியால் கீறிவிடுவது நல்லதன்று. ஆறாத புரையாகி மாதக்கணக்கில் ஒழுகக்கூடும். வீட்டில் ஊசியைச் சுட்டுக் குத்திவிடும் வழக்கமுடையோர் இதைக் கருத்தில் கொள்க.

நம் சிறுமியின் கதைக்கு வருகிறேன். முதல் இரத்தத்தில் 1:128, இப்படியுமில்லை, அப்படியுமில்லை. மருத்துவர் அவசரப்படவில்லை. ஃபார்மலினில் போன துண்டின் மெழுகுக் கட்டியை எடுத்து வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்க்கும்படி எழுதினார். அதற்கு ஃபார்மலின் தடையன்று. அந்த ஒரு நன்மை எஞ்சியிருந்தது. தெளிவாக ஒன்றும் தெரியவில்லை என்று விடை வந்தது. இச்சாயம் பலமுறை அப்படித்தான் ஏமாற்றும். மூன்று வாரம் கழித்து எடுத்த இரண்டாம் இரத்தத்தில் 1:1024. எட்டு மடங்கு ஏற்றம். அதற்குள் கட்டியும் பாதியாகச் சுருங்கியிருந்தது. நலமுள்ள பிள்ளைகளுக்கு இந்நோய் பெரும்பாலும் சில மாதங்களில் தானே வடிந்துவிடும். அசித்ரோமைசின் என்ற மருந்தை ஐந்து நாள் கொடுத்தால் கட்டி விரைவில் சுருங்கும். அவ்வளவே. ஆயினும் காசநோய் இல்லை என்பதை உறுதி செய்ய மார்பு எக்ஸ்ரேயும் தோல் சோதனையும் முன்னரே எடுத்து, மேலும் ஆறு மாதம் அவளை வரச்சொல்லிக் கவனித்தார். அந்த மருத்துவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, பூனை கீறினால் சோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் சும்மா இருந்துவிடக் கூடாது. கீறலுக்கும் கடிக்கும் இன்னொரு முகம் உண்டு: வெறிநோய். நாயைப்போலப் பூனையாலும் அது வரும். அதற்குக் காத்திருந்து பார்க்கும் சோதனை எதுவுமில்லை. நோய் தோன்றிவிட்டால் மருந்தும் இல்லை. 1902இல் லில்லி பக்கென்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண்மணி வெறிநோயால் இறந்தபோது தென்னாட்டில் அதற்குத் தடுப்பூசி போடும் இடமே இல்லை. இமயமலையடியில் உள்ள கசௌலிக்குப் போயாக வேண்டும். அந்தச் சாவின் பின்னரே 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று எங்கள் இளமைக்காலத்தில் அஞ்சி நடுங்குவோம். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்து 2004உடன் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இன்று கையில் நான்கைந்து ஊசிதான். அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை. தோல் கிழிந்திருந்தால் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே செல்லுங்கள். இரத்தம் கசிந்திருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடவேண்டியிருக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டா. வெறிநோய்க்குக் காத்திருத்தல் சாவு. நெறிக்கட்டுக்கு அவசரம் கேடு. இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்களையே நான் அதிகம் காண்கிறேன்.

பூனையின் கதி என்னவாயிற்று என்று சிலர் கேட்பீர்கள். நோயின் பெயரைக் கேட்ட அன்றே அதைச் சாக்கில் கட்டித் தாமிரபரணிக்கு அக்கரையில் விட்டுவர ஆயத்தமானார்கள். சிறுமி அழுத அழுகையில் காய்ச்சல் திரும்பிவிடுமோ என்று அஞ்சினேன். பூனைக்கு நோயில்லை, அதன் இரத்தத்தில் கிருமி தங்கியிருக்கும், அதற்கு ஒரு துன்பமும் தெரியாது. பூனைக்குப் பூனை அதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. தெள்ளின் எச்சம் நகத்திடுக்கில் ஏறி, அந்த நகம் நம் தோலைக் கீறும்போதுதான் நமக்கு வருகிறது. குட்டிகளிடமே இது அதிகம். தெள்ளை ஒழித்து, குட்டியோடு முரட்டு விளையாட்டைக் குறைத்து, புண்ணை நக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கால்நடை மருந்தகத்தில் தெள்ளுக்கு மருந்தும் வெறிநோய்க்கு ஊசியும் போட்டுக்கொண்டு, பூனை வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது அது கிழமாகிப் பீடி இலைச் சாக்கின்மேல் உறங்குகிறது.

தாய்மாமனைச் சென்ற மாதம் பேருந்து நிலையத்தில் கண்டேன். அவர் மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டியாம், துண்டு எடுத்திருக்கிறார்கள். மடியில் இரண்டு புட்டிகள் இருந்தன. ஒன்றில் ஃபார்மலின்; மற்றொன்றைப் பனிக்கட்டியிட்ட தூக்குவாளிக்குள் வைத்திருந்தார். "இது எப்படி, அவர்களே கொடுத்தார்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான் சாமி குடுத்தாக. இன்னொண்ணு எங்கேன்னு நான்தான் கேட்டு வாங்கினேன்" என்றவர், வண்டி வந்துவிட்டதென்று ஓடினார்.